மீன் காட்டும் பெட்டியா, தரை காட்டும் பெட்டியா?

"முதல் ஃபிஷ் ஃபைண்டர் எது வாங்கலாம்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் கட்டுரைகளையும் வீடியோக்களையும் கொஞ்ச நாளாகக் குறிப்பெடுத்து வந்தேன். எல்லாம் ஒரே அச்சு. திரை எத்தனை இன்ச், எத்தனை அடி ஆழம் போகும், என்ன விலை, அவ்வளவுதான். அமெரிக்க ஏரியில் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுகிறவருக்கு எழுதியதைத் தமிழில் பேசிவிட்டால் நம்ம ஊருக்கான ஆலோசனை ஆகிடும்னு ஒரு நம்பிக்கை. காஞ்சிபுரம் பக்கத்து ஏரியில் தெப்பம் தள்ளுகிறவருக்கும், கோவளத்திலிருந்து ஃபைபர் படகில் போகிறவருக்கும் ஒரே பெட்டியைக் கைகாட்டுகிறார்கள்.

ஆழ எண்ணை முதலில் எடுத்துக்கலாம். ஆரம்பக்காரர்களுக்கு அதிகம் பரிந்துரைக்கப்படும் கார்மின் ஸ்ட்ரைக்கர் 4 நன்னீரில் 1,600 அடி, உப்புநீரில் 750 அடி வரை பார்க்கும் என்கிறது நிறுவனம். செம்பரம்பாக்கம் ஏரி முழுசா நிரம்பினாலே 24 அடி. மதுராந்தகம் 23.3 அடி. கரையை விட்டு நீர்ப்பிடிப்புப் பக்கம் போகப்போக அதுவும் குறைந்துகொண்டே வரும். 1,600 அடியை வைத்து இங்கே என்ன செய்ய?

கேட்க வேண்டியது ஆழம் இல்லை, அகலம். ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி கூம்பாகத்தான் கீழே இறங்கும். 200 கிலோஹெர்ட்ஸில் அந்தக் கூம்பு சுமாராக 20 டிகிரி என்று வைத்துக்கொண்டால், தரையில் விழும் வட்டத்தின் அகலம் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒன்பது அடித் தண்ணீரில் மூன்றடி வட்டம். தெப்பத்தின் நிழலே அதைவிடப் பெரிசு! விரால் வேறு கோரைக்கும் ஆம்பலுக்கும் நடுவே ஒதுங்குகிற மீன். ஒலி அந்தச் செடியிலேயே முட்டிக்கொள்ளும். ஆனால் விரால் காற்றுக் குடிக்க அடிக்கடி மேலே வந்தாகணும், அதைக் கண்ணே காட்டிவிடும். ஏரிக்காக இதை வாங்காதீங்க என்பது என் கட்சி. ஏரியில் மீன் பாசி யார் குத்தகையில் இருக்குன்னு விசாரிப்பதுதான் அங்கே முதல் வேலை.

கடல் வேறு கதை. (2019-இல் செங்கல்பட்டு பிரியும்வரை கோவளமும் மாமல்லபுரமும் காஞ்சிபுரம் மாவட்டம்தான்.) ஜப்பானின் நாகசாகி பக்கம் ஃபுருனோ சகோதரர்கள் 1948-இல் இந்தக் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது தொழில் மீனவர்களுக்காக. பொழுதுபோக்குச் சரக்காக மாறியது அமெரிக்காவில், 1950-களின் கடைசியில். இன்றைய விளம்பரங்கள் இரண்டாவதின் வாரிசு. அதனால்தான் திரையில் குட்டிக்குட்டி மீன் பொம்மை வருவதைப் பெரிய வசதியாகச் சொல்கிறார்கள். அந்தப் பொம்மையை முதல் நாளே அணைத்துவிடுங்க. நீர்க்குமிழி, மிதக்கும் பாசி எல்லாத்தையும் அது மீன் என்று சொல்லும்.

இன்னொன்று, பெரும்பாலான வீடியோக்கள் தொடாதது. எதிரொலியில் பெரும்பங்கு மீனின் காற்றுப்பையிலிருந்து வருகிறது. வஞ்சிரத்துக்குக் காற்றுப்பை கிடையாது. சுறாவுக்கும் திருக்கைக்கும் கிடையாது. ஏலத்தில் நல்ல விலை போகிற வஞ்சிரம் திரையில் மங்கலாகத்தான் தெரியும், தெரிந்தால். திரையும் படம் இல்லை. வலது ஓரம் இந்த நொடி, இடப்பக்கம் நகர்வதெல்லாம் ஏற்கெனவே கடந்துபோனது. படகு நிற்கும்போது அடியில் ஒரே மீன் நின்றாலும் நீளக் கோடாக வரும்.

அப்போ எதுக்கு வாங்கணும்? தரைக்காக. சேறு என்றால் கோடு மெலிசாக மங்கும். பார் வந்தால் தடித்துப் பளிச்சென்று ஏறும், சில சமயம் கீழே இரண்டாவது கோடும் விழும். களவா மாதிரி மீன்கள் ஒதுங்குவது அந்தப் பாரில்தான். கரையிலிருக்கும் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் சேர்த்துப் பார்த்துப் பாரைக் கண்டுபிடிக்கும் பெரியவர்கள் செய்வதும் இதே வேலைதான். ஆகவே அந்த இடத்தைக் குறித்து வைக்கும் ஜிபிஎஸ் இல்லாத மாடல் எவ்வளவு மலிவாக வந்தாலும் தள்ளிவிடலாம். எந்தத் திசையில் போவது என்பதற்கு ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் தரவை வைத்து மீன்வள மண்டலத் தகவலை இலவசமாகத் தருகிறது. பெட்டிக்குத் தெரிவது படகுக்கு நேர் கீழே இருப்பது மட்டும்.

மாட்டுவதைப் பற்றி வழிகாட்டிகள் எழுதுவதெல்லாம் படகுத்துறை உள்ள ஊருக்கு. இங்கே படகை அலையோடு மணலில் ஏற்றுகிறோம். பின்பக்கம் திருகி வைத்த ஒலிமுனை முதல் வாரமே உடையும். விசிறிக்குப் பக்கத்தில் வைத்தாலோ குமிழி நுழைந்து திரை முழுக்கக் கோலம். ஒரு குழாயில் கட்டி, பக்கவாட்டில் இறக்கி, கரை வரும்போது தூக்கிக்கொள்கிற மாதிரி வேணும். "கையடக்கம்" என்ற வார்த்தைக்கு இந்தக் கரையில் அர்த்தம் அதுதான். தூக்கி எறிந்து போனில் பார்க்கிற பந்து மாடல் ஏரிக்கரைக்கு அழகு, ஆனால் உப்புச் சாரலில் ஈரக் கையோடு போனைத் தேய்த்துப் பாருங்க, தெரியும்.

மின்சாரம் பெரிய தலைவலி இல்லை. யுபிஎஸ்-இல் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி சின்னத் திரைக்கு ஒரு நாள் தாராளமாக வரும். மூடி போட்ட டப்பாவில் வைத்து, இணைப்பு முனைகளில் கிரீஸ் தடவிடுங்க.