பிஐ மார்க்கர்: எதுவரை நம்பலாம்?

ஐசோஎலக்ட்ரிக் ஃபோகஸிங்கில் புரதம் பிஎச் சரிவுள்ள ஜெல்லுக்குள் நகர்ந்து, தன் நிகர மின்னூட்டம் சுழியாகும் பிஎச்சில் நின்றுவிடுகிறது. அந்த பிஎச்தான் அதன் பிஐ. அதை அறிய, பிஐ தெரிந்த புரதங்களைப் பக்கத்து லேனில் ஓட்டுகிறோம். அந்த மார்க்கர்கள் தரும் விடை எவ்வளவு உறுதியானது?

ஒரு வேலையில் அவற்றுக்கு ஈடில்லை. ஹீமோகுளோபின் சாயமேற்றாமலே கண்ணுக்குத் தெரியும். நேர்மின்வாய்ப் பக்கம் ஒரு துளி, எதிர்மின்வாய்ப் பக்கம் ஒரு துளி வைத்தால், இரண்டு சிவப்புப் பட்டைகளும் எதிரெதிரே நகர்ந்து ஒரே கோட்டில் சேரும். சேரும்வரை ஓட்டத்தை நிறுத்தக் கூடாது. ஜெல் ஒழுங்காக ஓடியதா என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது.

எண் கேட்கும்போதுதான் சிக்கல். வழக்கமான மார்க்கர் கலவையில் குதிரை மையோகுளோபின் சுமார் 7.35, அடுத்து வரும் மைசூர்ப் பருப்பு லெக்டின் சுமார் 8.15. நடுவில் விழும் பட்டைக்கு நேர்கோடு போட்டு மதிப்பிடுகிறோம். ஆம்ஃபோலைட் கலவை உருவாக்கும் பிஎச் சரிவோ நேர்கோடாக இருக்க வேண்டியதில்லை. நேரம் போகப்போக அது எதிர்மின்வாய்ப் பக்கம் நகரவும் செய்யும். வெப்பநிலை மாறினால் பிஐயும் மாறும். 8 மோலார் யூரியா சேர்த்தால் பல மார்க்கர்களின் மடிப்பே குலையும். அப்போது பட்டியலில் அச்சிட்ட மதிப்பு அந்த ஜெல்லுக்குப் பொருந்தாது.

ஊக்கமருந்துச் சோதனை இதற்கு நல்ல மாற்றுவழி காட்டியது. 2000-இல் பிரான்சின் ஆய்வாளர்கள் லாஸ்ன், த சொரிஸ் இருவரும் சிறுநீரில் செயற்கை எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனை இம்முறையில் பிரித்துக் காட்டினர். உடலில் சுரப்பதைவிட அதன் பட்டைகள் காரப் பக்கம் தள்ளி விழும். இங்கே பிஐ எண் தேவைப்படவில்லை. அதே மருந்தின் மாதிரியை அதே ஜெல்லில் ஓட்டி, பட்டைக்குப் பட்டை ஒப்பிட்டால் போதும். வெப்பமும் யூரியாவும் இரு லேனையும் ஒன்றுபோலவே பாதிப்பதால் ஒப்பீடு நிலைக்கிறது.

ஆகவே என் முடிவு: மார்க்கர் இல்லாமல் ஜெல் ஓட்டக் கூடாது, அது ஓட்டத்தின் தரத்துக்குக் காவல். ஆனால் ஒரு புரதம் இன்னதுதான் என்று நிறுவ, அதன் தூய மாதிரியே பக்கத்து லேனில் இருக்க வேண்டும். பிஐ எண்ணை வெளியிடுவதானால் வெப்பநிலை, யூரியாவின் அளவு, இருபுறமும் நின்ற மார்க்கர்கள் ஆகியவற்றையும் சேர்த்தே எழுத வேண்டும். நேர்கோட்டு மதிப்பீட்டில் கிடைத்த எண்ணுக்கு இரண்டாம் தசம இலக்கம் தருவது, அளக்காததை அளந்ததாகச் சொல்வதாகும்.