தங்கச்சி முன்னமே பறந்துவிட்டாள்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலின் முதல் பாடம் லியாம் ஓ’ஃபிளாகர்ட்டி எழுதிய ‘ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்’. பறக்கப் பயந்து பாறை விளிம்பிலேயே நிற்கும் ஒரு கடற்பறவைக் குஞ்சின் கதை. கூடப் பிறந்த சகோதரர் இருவரும் தங்கையும் முன்னமே பறந்துவிட்டார்கள். தாய் மீன் துண்டை அலகில் கவ்விக்கொண்டு எட்டாத தூரத்தில் நின்று ஆசை காட்டுகிறாள். பசி தாங்காமல் பாய்கிறான், விழுகிறான், பறக்கிறான். வருடா வருடம் ஜூன் மாதத்தில் இதை நடத்துகிறேன். ஒரு வருடம் பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: “டீச்சர், அந்தத் தங்கச்சி எப்படிப் பறந்துச்சு? அதுக்குப் பயமா இல்லையா?”

புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. தங்கையின் இறக்கை அவனுடையதைவிடச் சின்னது என்று கதையே சொல்கிறது. ஆனால் அதைச் சொல்வது அவனுடைய வெட்கத்தைக் கூட்டிக் காட்டுவதற்காக. சின்ன இறக்கையோடு அவள் ஓடிவந்து குதித்த கணம் கதைக்கு வேண்டியிருக்கவில்லை. கைடைப் புரட்டினேன். இரவில் போனில் தேடினேன். பாடத்திட்டக் குறிப்புகளும் பயிற்சித்தாள்களும் நிறையக் கிடைத்தன. எல்லாம் அவனைப் பற்றியவை.

ஆங்கிலம் நடத்தப் பொருள் கிடைப்பதில்லை என்று வட்டார வள மையத்துப் பயிற்சிகளில் நாங்கள் குறைபடுவது வழக்கம். சார்ட் இல்லை, ஒலிபெருக்கி இல்லை, நெட் எடுக்கவில்லை. திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் இதெல்லாம் உண்மைதான். சர்வ சிக்ஷா அபியான் காலத்தில் துணைப்பொருள் செய்துகொள்ள ஆசிரியருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் கொடுத்தார்கள். மீதியை யார் போட்டார்கள் என்று கேட்டால் பெண் ஆசிரியர்கள் சிரிப்பார்கள். பணத்தைவிட நேரம்தான் பெரிய செலவு. அடுப்படியை ஒதுக்கிவிட்டு, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, பத்து மணிக்கு மேல் அட்டை வெட்டுவதை எந்தக் கல்வித் திட்டமும் உழைப்பாகக் கணக்கில் எழுதியதில்லை. “பொம்பளை டீச்சர்னா அழகாச் செய்வாங்க” என்பதோடு முடிந்துபோகும்.

ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பிறகு என் குறை வேறு மாதிரி ஆகிவிட்டது. கையில் இருக்கும் பொருளே யாருக்காகச் செய்தது என்று பார்க்கத் தொடங்கினேன்.

ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளுக்குச் சென்னை மாகாணம் வெகுகாலமாகச் சோதனைக் களம். 1950களின் இறுதியில் தொடங்கிய ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ திட்டம் ஏறக்குறைய 27,000 தொடக்கநிலை ஆசிரியர்களுக்குப் புது முறையில் மறுபயிற்சி தரப் புறப்பட்டது. சிலருக்குப் பயிற்சி, அவர்கள் மற்றவர்களுக்கு, அந்த மற்றவர்கள் இன்னும் பலருக்கு. பனிப்பந்து உருண்டு பெரிதாகும் என்று பெயர் வைத்தவர்கள் கரிசல் காட்டில் பனியைத் தேடியிருக்க மாட்டார்கள். 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் இலக்கணத்தை முன்வைக்காமல், கணக்குப் போடுவது, கால அட்டவணை படிப்பது, வரைபடம் பார்ப்பது போன்ற வேலைகளின் வழியே மொழி கற்பித்துப் பார்த்தார். உலகம் முழுக்கப் பேசப்பட்ட சோதனை அது. 2007-08இல் செயல்வழிக் கற்றல் அட்டைகள் மாநிலம் முழுக்க வந்தன. மூன்றிலும் நல்லவை உண்டு. பிரபுவிடமிருந்து நான் இன்னமும் கற்கிறேன். ஆனால் வகுப்பில் நின்றவள் பொருளைப் பெற்றுக்கொள்பவளாகவே எண்ணப்பட்டாள். நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் வேறு திசையில் போனார். ஒவ்வொரு குழந்தையிடமும் இன்றைக்கு உனக்கு எந்தச் சொல் வேண்டும் என்று கேட்டு, அதை அட்டையில் எழுதி அந்தக் குழந்தையிடமே கொடுத்தார். பயம், பேய், முத்தம், அடி என்று வந்த சொற்கள் எந்த வாசகப் புத்தகத்திலும் இல்லாதவை. 1963இல் அவர் எழுதிய ‘டீச்சர்’ நூலை நம் பி.எட். கல்லூரிகளில் யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

இப்போதைய பத்தாம் வகுப்புப் புத்தகம் 2019இல் வந்தது. அதற்கு நியாயம் செய்ய வேண்டும். பழைய புத்தகங்களோடு ஒப்பிட்டால் காகிதம், படம், பயிற்சிகள் எல்லாமே ஒரு படி மேல். மூன்றாம் அலகு முழுக்கப் பெண்களைப் பற்றியது. உரைநடையில் கடற்படைப் பெண்கள் அறுவரின் உலகச் சுற்றுப்பயணம், செய்யுளில் ராக்கி நரியானி ஷிர்கேயின் ‘ஐ ஆம் எவ்ரி உமன்’, துணைப்பாடத்தில் முலானின் கதை. 1984இல் கேரன் போரெக்கா ஆங்கிலப் பாடநூல்களில் பாலினப் பாகுபாட்டை எண்ணிக் காட்டினார்: படத்தில் எத்தனை பெண்கள், யார் பெயர் முதலில் வருகிறது, யாருக்கு என்ன தொழில். அந்தக் கணக்கை வைத்தால் இந்தப் புத்தகம் ஓரளவு தேறிவிடும். அந்தக் கணக்கு எனக்குப் போதவில்லை. பெண்களுக்கு ஓர் அலகு ஒதுக்கியாயிற்று என்றால் மற்ற ஆறு அலகுகள் யாருடையவை? பஸ்ஸில் பெண்கள் இருக்கைக்கு மேல் எழுதிவைத்துவிட்டால் மற்ற இருக்கையெல்லாம் ஆண்களுக்கு என்று ஆகிவிடுகிற மாதிரிதான்.

தாரிணி என்ற பாய்மரக் கப்பலில் வர்திகா ஜோஷி தலைமையில் ஆறு பெண்கள் 2017 செப்டம்பர் 10 அன்று கோவாவிலிருந்து கிளம்பி, 2018 மே 21 அன்று திரும்பினார்கள். 254 நாள். என் மாணவிகள் கடலை அதிகம் பார்த்ததில்லை. அவர்கள் பார்க்கும் நீர் கம்மாய் நீர், அதுவும் மழை பெய்த வருடத்தில். ஆனாலும் இந்தப் பாடம் அவர்களுக்குப் பிடிக்கும். “வீட்டுல எப்படி டீச்சர் விட்டாங்க?” என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு ‘துணிச்சல்’, ‘விடாமுயற்சி’ என்று கைடு பதில் சொல்கிறது. நான் ஒரு செய்தித்தாள் துணுக்கை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறேன். கடற்படையில் பெண் அதிகாரிகளுக்கும் ஆண்களுக்கு இணையாக நிரந்தரப் பணி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 மார்ச்சில். புத்தகம் வந்ததற்கு அடுத்த வருடம். உலகத்தைச் சுற்றி வந்த பிறகும் பெண்கள் வேலையில் நிலைக்கக் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது என்ற செய்தியைப் பிள்ளைகள் துணிச்சலைவிட நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள். விடிகாலையில் ஊர் ஊராக வந்து அக்காமார்களை ஏற்றிப்போகும் மில் வண்டியை அவர்களுக்குத் தெரியும். வேலைக்குப் போவது வேறு, வேலையில் உரிமையோடு இருப்பது வேறு என்று அவர்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறார்கள்.

‘ஐ ஆம் எவ்ரி உமன்’ கவிதையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பெண்ணைப் புகழ்ந்தால் பெண்ணைப் பற்றிப் பேசியதாகிவிடாது. ‘எல்லாப் பெண்ணும்’ என்ற சொல்லில் சாதியும் கூலியும் கரைந்துபோகின்றன. இதே விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்து, ஆசிரியையாக வேலை பார்த்த பாமா 1992இல் ‘கருக்கு’ எழுதினார். லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் அதை ஆங்கிலமாக்கினார். இன்று எங்கெங்கோ உள்ள ஆங்கிலத் துறைகளில் அதைப் படிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு தலித் பெண் பிள்ளை பட்டதைப் பற்றிய நல்ல ஆங்கிலப் பக்கங்கள் நம் மாவட்டத்திலிருந்தே புறப்பட்டுப் போயிருக்கின்றன. அவை திருச்சுழிக்குத் திரும்பி வரவில்லை. சீனத்து முலான் வந்திருக்கிறாள், அதுவும் ஆண் உடை போட்டுக்கொண்டு. இரண்டாம் அலகில் எல். எம். மாண்ட்கோமரியின் ‘தி க்ரம்பிள் ஃபேமிலி’ வேறு, முணுமுணுக்காதே என்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல இங்கிலீஷ் தேவையில்லை. ஆத்தா, அப்பத்தா எல்லோரும் தமிழிலேயே சொல்லிவிட்டார்கள்.

எனக்கு நடத்தக் கடினமான பாடம் ‘தி ஏஜ்டு மதர்’. மட்சுவோ பாஷோ பெயரில் வரும் ஜப்பானியக் கதை. வயதானவர்களையெல்லாம் கொன்றுவிட வேண்டும் என்று ஆளுநன் ஆணையிடுகிறான். ஓர் ஏழை விவசாயி தாயை முதுகில் சுமந்து மலை ஏறுகிறான். மகன் திரும்பும்போது வழி தப்பக் கூடாதென்று தாய் சுள்ளிகளை ஒடித்து வழி நெடுகப் போட்டுக்கொண்டே வருகிறாள். மனம் தாங்காமல் அவளைத் திரும்பத் தூக்கிவந்து ஒளித்துவைக்கிறான். பிறகு ஆளுநன் சாம்பலில் கயிறு கேட்க, எப்படிச் செய்வதென்று தாய் சொல்லிக் கொடுக்கிறாள். கிழவியின் அறிவைக் கண்டு ஆணை நீங்குகிறது.

பெற்றோரை மதிப்போம் என்று எழுதிப் போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் ‘தலைக்கூத்தல்’ என்ற சொல் தெரிந்த மாவட்டம் இது. 2010இல் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து தனக்கு நடக்கவிருந்ததை அறிந்து ஒரு முதியவர் தப்பி ஓடியபோது அது செய்தியாயிற்று. பிரியா கிருஷ்ணசாமி எடுத்த ‘பாரம்’ அதைத்தான் பேசியது. வகுப்பில் அந்தச் சொல்லை யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு பிள்ளை மட்டும் கேட்டாள்: “கயிறு திரிக்கத் தெரியாத அம்மான்னா என்ன டீச்சர் செஞ்சிருப்பாங்க?”

இந்தக் கதை மீது இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் படித்ததில்லை. தாய் உயிரோடிருக்க அனுமதி கிடைப்பது அவள் இன்னும் பயன்படுகிறாள் என்பதால். நோயில் கிடக்கிற, நினைவு தப்பிய, யாருக்கும் புதிர் அவிழ்த்துத் தர முடியாத கிழவிக்கு இந்தக் கதையில் இடமில்லை. வேலை செய்யும்வரை மரியாதை என்பதைத்தான் நம் வீடுகளில் பெண்கள் வாழ்நாள் முழுக்கக் கேட்கிறார்கள். அந்தத் தாயைப் பராமரிக்கும் வேலை யார் தலையில் விழும் என்பதையும் கதை கேட்பதில்லை. நான் அந்தக் கேள்வியையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். ‘இஃப்’ போட்டு வாக்கியம் அமைக்க அதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைத்ததில்லை. பத்துப் பேர் பத்து விதமாக எழுதினார்கள். பாதி தப்பு, திருத்தினோம்.

ஆறாம் அலகில் அல்போன்ஸ் டோடேயின் ‘தி லாஸ்ட் லெசன்’. 1870-71 போருக்குப் பின் எழுதப்பட்டு 1873இல் நூலில் வந்த கதை. தாய்மொழி பறிபோகும் துயரத்தைத் தமிழ்ப் பிள்ளைகள் இங்கிலீஷில் மனப்பாடம் செய்கிறார்கள் என்ற முரணை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அருப்புக்கோட்டையில் தறி வைத்திருக்கும் வீடுகள் பலவற்றில் கன்னடம் பேசுவார்கள், சுற்றுப்பட்டிகளில் தெலுங்கும் உண்டு. ஆக ‘தாய்மொழி’ என்று நான் கரும்பலகையில் எழுதும்போது வகுப்பில் எல்லோரும் ஒரே மொழியை நினைப்பதில்லை. எனக்குப் பட்ட இடம் வேறு. வாத்தியார் ஹேமல், பெற்றோர் பிள்ளைகளைப் படிக்க வைக்காமல் காட்டுவேலைக்கும் மில்லுக்கும் அனுப்பினார்கள் என்று வருந்துகிறார். கூடவே, தன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றத் தானே பிள்ளைகளை அனுப்பியதையும் ஒப்புக்கொள்கிறார். மில், பூ! மல்லி மொட்டு எடுத்துவிட்டு விரலில் வாசனையோடு வந்து தூங்கிவிழும் பிள்ளைகளுக்கும், கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஃபிரான்ஸ் தேசம் அந்த ஒரு பத்தியில் பக்கத்து ஊராகிவிட்டது.

அந்தக் கதையில் பெண் யாராவது இருக்கிறார்களா என்று தேடச் சொன்னேன். வகுப்பில் ஊர்ப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லோரும் ஆண்கள். வாத்தியாரின் சகோதரி மாடியில் பெட்டி கட்டுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. “இங்கேயும் தங்கச்சிதானா!” என்றார்கள்.

இதையெல்லாம் நடத்த நேரம் எங்கே என்று சக ஆசிரியைகள் கேட்பது நியாயம். ஜனவரி வந்தால் ‘மெல்லக் கற்போர்’ கையேடுதான். மனப்பாடச் செய்யுள், விளம்பரம் தயாரித்தல், படம் பார்த்து எழுதுதல், வழி சொல்லுதல். முப்பத்தைந்து மார்க் வாங்க வைக்காவிட்டால் அந்தப் பிள்ளை மே மாதமே மில்லுக்குப் போய்விடுவாள் என்று தெரிந்த பிறகு கையேட்டை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். தேர்ச்சி அவளுக்கு இரண்டு வருட அவகாசம். ஆனால் கையேட்டுக்குள்ளேயும் வேலை செய்ய இடம் இருக்கிறது.

வழி சொல்லும் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மார்க். ஒரு வரைபடம், பேங்க், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பார்க். ஊருக்குப் புதிதாக வந்த ஆளுக்கு வழி சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத ஆளிடம் பேசாதே என்று சொல்லி வளர்த்த பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்கிறோம். அந்தப் பார்க்கும் எங்கள் பக்கத்தில் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை, அவரவர் ஊரை வரையச் சொன்னேன். பையன்கள் டீக்கடை, மைதானம், பஸ் ஸ்டாண்ட் எல்லாம் போட்டார்கள். பெண் பிள்ளைகளின் படத்தில் தெருக்குழாய், ரேஷன் கடை, கோவில், பள்ளிக்கூடம், நூறுநாள் வேலை நடக்கும் கம்மாய்க் கரை. ஒருத்தி கருவேலங்காட்டு ஓரத்தில் ஒரு பாதையைக் கறுப்பு மையால் அடித்துவிட்டு, அதைச் சுற்றிப் போகும் நீண்ட பாதையை வரைந்திருந்தாள். கீழே ஆங்கிலத்தில், வந்தவர் பெண்ணாக இருந்தால் இந்த வழி, ஆணாக இருந்தால் நேர் வழி என்று இரண்டாகப் பிரித்து எழுதியிருந்தாள். ‘டேக் த லாங் ரோட்’ என்று சரியாகவே எழுதியிருந்தாள்.

விடைக்குறிப்பில் ஒரு வழிக்குத்தான் மார்க். நான் இரண்டுக்கும் போட்டேன்.