நோக்கக் கட்டுரையும் நம்ம பிள்ளைகளும்

தலித் தன்வரலாறுகளைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அந்த வரிசையில் யாரும் சேர்க்காத ஒரு எழுத்து இருக்கிறது. மேல்படிப்புக்கு மனு போடுகிற பிள்ளை, 'நான் யார், ஏன் படிக்க வருகிறேன்' என்று எழுதித் தரவேண்டிய இரண்டு பக்கம். ஸ்டேட்மெண்ட் ஆஃப் பர்பஸ் என்கிறார்கள். நோக்கக் கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். இதையும் ஒரு இலக்கிய வகையாக எடுத்து விமர்சிக்கணும் என்கிறேன். ஒரு நாவல் தோற்றால் நாவலாசிரியனுக்குத்தான் நஷ்டம். இந்த இரண்டு பக்கம் தோற்றால் ஒரு பிள்ளை ஊருக்குத் திரும்பி கம்பி கட்டப் போகிறது.

திருவண்ணாமலையில் ஒரு மாடி அறையில் ஞாயிறுதோறும் பத்துப் பதினைந்து பிள்ளைகளோடு உட்காருகிறேன். எல்லாரும் கலைக் கல்லூரி மூன்றாம் வருஷம். பௌர்ணமி வந்தால் வகுப்பு கிடையாது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மோர், வெள்ளரிக்காய் விற்கப் போய்விடுவார்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களில் எம்.ஏ. சேர 2022 முதல் பொது நுழைவுத்தேர்வு வந்துவிட்டது. அதற்குக் கேள்வித்தாள் போட்டுப் பழக்கலாம். தனியார் பல்கலைக்கழகம், வெளிநாடு, பிஎச்.டி. என்று போனால்தான் இந்த எழுத்து வந்து வழியை மறிக்கிறது.

போன வருஷம் தண்டராம்பட்டு பக்கத்துப் பெண் ஒருத்தி முதல் வரைவைக் கொண்டுவந்தாள். "சிறு வயது முதலே சமூகவியல் மீது எனக்குத் தீராத ஆர்வம்" என்று ஆரம்பித்தது. "சின்ன வயசுல சமூகவியல்னா இன்னான்னு உனக்குத் தெரியுமாம்மா?" என்றேன். சிரித்தாள். "தெரியாதுண்ணா. செல்லுல மாதிரி பார்த்தேன், எல்லாம் இப்படித்தான் இருக்குது."

அந்த மாதிரி யாருடைய மாதிரி? வீட்டில் புத்தக அலமாரி, தாத்தா சொன்ன கதை, பள்ளியில் ஊக்கம் தந்த டீச்சர். இதையெல்லாம் வைத்துத்தான் அந்த வாக்கியமே கட்டப்பட்டிருக்கிறது. அதற்குள் நம்ம பிள்ளை நுழையணும்னா சேரியை வாசலில் விட்டுவிட்டுத்தான் நுழையணும்.

"உன் கதையை எழுது" என்றேன். இரண்டாம் வரைவு வந்தது. ஒரே மூச்சில் நாலு பக்கம். 2023 ஜனவரி 30 அன்று தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் கலெக்டரும் போலீசும் கூட வர தலித் மக்கள் போனதைச் சொல்லி, தன் ஊரில் இன்னும் போகமுடியாததைச் சொல்லி, பள்ளிக்கூடத்தில் பட்டதையெல்லாம் சொல்லியிருந்தாள். படித்து எனக்குத் தொண்டை அடைத்தது. பல்கலைக்கழகத்தில் வாத்தியாராக இருக்கிற நம்மாள் ஒருவருக்கு அனுப்பினேன். அவர் சொன்ன பதில்: "அழ வைக்குது தோழர். ஆனா வந்து இன்னா படிக்கப் போவுதுன்னு இதுல இல்லையே."

அன்றைக்குக் கோபம்தான் வந்தது. யோசித்தபோது என்மேல்தான் கோபம் திரும்பியது. முதல் வரைவு சாதியை மறைத்தது. இரண்டாவது காயத்தைத் திறந்து காட்டியது. வாசலில் உட்கார்ந்திருப்பவனுக்கு இரண்டும் சௌகரியம்தான். மறைத்தால் 'எங்களில் ஒருத்தி' என்பான், காட்டினால் 'பாவம்' என்பான். யோசிக்கிற ஆளாக இரண்டிலும் அவள் இல்லை.

இரண்டாவது வகையைப் பிள்ளைகளுக்குப் பழக்கியது யார்? நாமதான். 2002-இல் ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்', 2005-இல் கே.ஏ. குணசேகரனின் 'வடு'. தலித் பிள்ளை படித்து மேலே வருவதற்கு என்ன விலை கொடுத்தது என்பதை இந்த நூல்கள் சொன்ன மாதிரி எதுவும் சொன்னதில்லை. ஆனால் விமர்சனம் எழுதிய நாம என்ன செய்தோம்? வலியை மட்டும் எடுத்து அளவுகோலாக வைத்தோம். அந்த எழுத்துக்குள் இருக்கிற கிண்டல், கணக்கு, கேள்வி எதையும் பார்க்கவில்லை. வலி கூடினால் நல்ல எழுத்து என்று தீர்ப்பு எழுதினோம். அந்தத் தீர்ப்பைத்தான் இந்தப் பெண் நாலு பக்கத்தில் திருப்பித் தந்தாள்.

இந்த இடத்தில் அம்பேத்கரைத் தேதி வரிசையில் வாசித்துப் பார்க்கச் சொல்கிறேன். 1913-இல் பரோடா மன்னர் தந்த உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1916 மே 9 அன்று கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை வாசித்தார். வயசு 25. அதில் அவருடைய சொந்தக் காயம் ஒரு வரி கிடையாது. சாதி எப்படி இயங்குகிறது, எதை வைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று கேட்டு, அகமணம்தான் அதன் உயிர்நாடி என்று பிடித்தார். சதி, விதவைக் கட்டுப்பாடு, குழந்தை மணம் மூன்றையும் அந்த ஒரே கயிற்றில் கோத்துக் காட்டினார். பள்ளிப் பையனாக கோரேகாவ் போகும் வழியில் தண்ணீருக்குத் தவித்ததை, பரோடாவில் பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டதை 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று எழுதியது 1930-களின் நடுவில்தான்.

வலி அவரிடம் இல்லாமலா இருந்தது? தீண்டாமையை அனுபவித்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார். அமெரிக்கப் பேராசிரியர்கள் முன்னால் அதைக் கேள்வியாக மாற்றி வைத்தார். அழுகைக்கு அனுதாபம் தந்து அனுப்பிவிடலாம். கேள்விக்குப் பதில் சொல்லியாகணும்.

இதைப் பிள்ளைகளிடம் சொன்ன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "எங்க ஊர்ல ஊருக்காரங்களும் காலனிக்காரங்களும் பெங்களூருக்கு ஒரே வண்டியிலதான் கட்டட வேலைக்குப் போறாங்க. அங்க ஒரே ஷெட்டுல படுக்குறாங்க, ஒரே குண்டான்ல சாப்புடுறாங்க. திருவிழாவுக்குத் திரும்பி வந்தா மட்டும் கோயில் பக்கம் விடமாட்றாங்க. எந்த இடத்துலண்ணா சாதி திரும்பி ஏறிக்குது?"

"இதான்மா உன் கட்டுரை" என்றேன். மூன்றாம் வரைவு ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. அதில் அவள் இருக்கிறாள், ஊர் இருக்கிறது, கோயிலும் இருக்கிறது. எல்லாம் கேள்விக்குச் சாட்சியாக நிற்கிறது.

கேள்வி நன்றாக இருந்தால் கதவு திறந்துவிடும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். நேர்காணல் மதிப்பெண்ணில் பாகுபாடு தெரிகிறது என்று ஜே.என்.யு. அமைத்த அப்துல் நஃபே குழுவே 2016-இல் எழுதியது. உள்ளே போய்விட்டாலும், 2008-இல் ஹைதராபாத்தில் செந்தில்குமார், 2016-இல் அங்கேயே ரோஹித் வெமுலா, 2017-இல் டெல்லியில் சேலத்து முத்துகிருஷ்ணன் என்று பிணங்களை எண்ணவேண்டியிருக்கிறது. எனவே தயாரிப்பு என்பது மனுவோடு முடியாது. உதவித்தொகை தாமதமானால் யாரைக் கேட்பது, எஸ்.சி./எஸ்.டி. பிரிவு எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, ராத்திரி மனசு உடைந்தால் எந்த அக்காவுக்குப் போன் போடுவது என்பதும் பாடம்தான்.

இன்னொன்றும் சொல்லணும். 2022-இல் ஒன்றிய அரசு, தலித் மாணவர்கள் உள்ளிட்டோருக்கான தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் குறித்த ஆய்வுகளுக்கு இடமில்லை என்று விதி கொண்டுவந்தது. இந்தப் பெண்ணின் கேள்வி எதுவோ அதற்குத்தான் தடை. மன்னர் பணத்தில் அம்பேத்கர் கேட்ட கேள்வியை மக்கள் வரிப்பணத்தில் கேட்கக்கூடாதாம். கேள்விக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று நமக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நேர்காணலில் ஒருவர் அவளைக் கேட்டாராம், "இது உங்க சொந்த அனுபவமாச்சே, ஆய்வு ஆகுமா?" என்று. "கோயிலுக்குள்ள போறவங்களுக்கும் அது சொந்த அனுபவம்தான் சார், அவங்க எழுதுனா ஆய்வுன்றீங்களே" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

இடம் கிடைத்தது. கட்டணத்தில் பாதிதான் தள்ளுபடி. மீதிக்கு அவள் அப்பா பெங்களூருக்கு வண்டி ஏறியிருக்கிறார்.

முன்னால் படித்துப் போன தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் எழுதிய அந்த இரண்டு பக்கத்தைக் கூச்சப்படாமல் பிள்ளைகளிடம் கொடுங்கள். தேர்வானதை மட்டும் தராதீர்கள், திருப்பி அனுப்பப்பட்டதையும் கொடுங்கள். கதையையும் கவிதையையும் போடுகிற நம்ம பத்திரிகைகள் இதையும் அச்சில் போடட்டும், திட்டி விமர்சனம் எழுதட்டும். அடுத்த ஞாயிறு பௌர்ணமி இல்லை. பிள்ளைகள் வருவார்கள்.