மலையிலிருந்து வாசிக்கும் ஓர் உரை

நாடாளும் தலைவர் ஒருவர் சிறுபான்மை மக்களின் முன் நின்று அளிக்கும் வாக்குறுதியும் திறனாய்வுக்கு உரியதே. கவிதையில் ஒரு சொல் பிழைத்தால் சுவை குன்றும். ஆட்சியாளரின் வாக்கில் ஒரு சொல் நெகிழ்ந்தால் எளியோரின் வாழ்வே குலையும். இவ்வெண்ணத்துடன், நம் நாட்டுக் கிறிஸ்தவரிடையே நம்பிக்கையையும் ஐயத்தையும் ஒருங்கே எழுப்பிய ஓர் உரையை மீண்டும் எடுத்து வாசிக்க விழைகிறோம்.

2015 பிப்ரவரி 17 அன்று புதுதில்லி விஞ்ஞான் பவனில், பிரதமர் நரேந்திர மோடி அவ்வுரையை ஆற்றினார். கேரளத்தின் குரியாக்கோஸ் எலியாஸ் சாவராவும் எவுப்ராசியாவும் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டதைக் கொண்டாடிய விழா அது. அவர் பதவியேற்று ஒன்பது மாதங்கள்கூட நிறைவுறவில்லை. 2002ஆம் ஆண்டு குஜராத் வன்முறையின் நிழல் அவரைத் தொடர்ந்துகொண்டிருந்தது. அவர்மீது வழக்குத் தொடரப் போதிய ஆதாரமில்லை என்ற சிறப்புப் புலனாய்வுக் குழுவின் முடிவை 2022இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது; ஆயினும் மக்கள் மனத்தின் விவாதம் ஓயவில்லை. 2014 டிசம்பரில் தில்லியின் தில்ஷாத் கார்டன் ஆலயம் எரிந்திருந்தது. வேறு சில ஆலயங்களும் சேதமுற்றிருந்தன. பிரதமர் வாய் திறப்பாரா என்று கிறிஸ்தவர் காத்திருந்த வேளையில் வந்தது இவ்வுரை.

ஆனால் இதை நாம் ஜவ்வாது மலையில் நின்று வாசிக்க விரும்புகிறோம். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இம்மலையில், ஜமுனாமரத்தூரைச் சுற்றிய சிற்றூர்களில், சாமை விதைத்தும் தேனும் புளியும் சேகரித்தும் வாழ்பவர் மலையாளிப் பழங்குடி மக்கள். அவர்களுள் கிறிஸ்துவை ஏற்றோரும் உளர். தம் முன்னோர் தெய்வங்களை வழிபடுவோரும் உளர். தலைநகரின் மண்டபத்தில் சொன்ன வாக்கு மலையின் கடைசி ஊரில் என்ன பொருள் தருகிறது என்பதே அவ்வாக்கிற்கு உரைகல்.

முதலில் உரையின் நிறைகளைக் கூறுவதே முறை. ஒவ்வொருவரும் தாம் விரும்பிய சமயத்தைக் காத்துக்கொள்ளவும் தழுவிக்கொள்ளவும் மறுக்கவியலாத உரிமை உடையவர் என்றார் பிரதமர். பெரும்பான்மையோ சிறுபான்மையோ, எந்தச் சமயக் குழுவும் வெறுப்பைத் தூண்டத் தம் அரசு இடமளியாது என்றும் உறுதி கூறினார். ‘காத்துக்கொள்ள’ என்பதோடு நில்லாமல் ‘தழுவிக்கொள்ள’ என்றும் சேர்த்தது சிறிய செய்தியன்று. சொல் மட்டுமன்றிச் செயலும் உடன் வந்தது. ஆப்கானிஸ்தானில் அகதிகளிடையே பணியாற்றுகையில் கடத்தப்பட்ட நம் தமிழகத்து இயேசு சபைக் குரு அலெக்சிஸ் பிரேம்குமார், எட்டு மாதச் சிறைவாசத்திற்குப்பின் ஐந்தே நாள்களில், பிப்ரவரி 22 அன்று, அரசின் முயற்சியால் தாயகம் திரும்பினார். இதற்கு நன்றி சொல்ல மறுப்பது கிறிஸ்தவப் பண்பாகாது.

இனி ஐயத்திற்கு வருவோம். உரிமையைச் சொன்ன அதே வாக்கியம், வற்புறுத்தலோ தகாத தூண்டுதலோ இன்றி என்றும் வரம்பிட்டது. வற்புறுத்தல் எது என்பதை எவரும் அறிவர். தகாத தூண்டுதல் எது என்பதை யார் முடிவுசெய்வது? அவர் முதலமைச்சராயிருந்த குஜராத்தில் 2003இல் இயற்றிய சட்டம், மதமாற்றச் சடங்கை நடத்துவோர் மாவட்ட ஆட்சியரின் முன்னனுமதி பெறவேண்டும் என்றது. 2021இல் உத்தரப்பிரதேசச் சட்டம் ஒரு படி மேலே சென்றது. சமய அமைப்பு நடத்தும் பள்ளியில் இலவசக் கல்வியைக் காட்டி அழைப்பதையும் ‘ஆசைகாட்டுதல்’ என்னும் வரையறைக்குள் அது அடக்கியது. தமிழகத்திலும் 2002இல் அத்தகைய தடைச்சட்டம் வந்து 2004இல் நீங்கியது. அப்படியொரு சட்டம் மீண்டும் இம்மலை ஏறுமாயின், பழங்குடிச் சிறுமிக்கு எழுத்தறிவிக்கும் அருட்சகோதரியின் கரும்பலகையும் சான்றுப்பொருளாகலாம். அதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு: தனக்கென எண்ணவும் தேரவும் மலைவாசிக்கு அறிவில்லை என்பதே அச்சட்டங்களின் மௌனமான முன்முடிவு.

உரை சொல்லாது விட்டதும் நம் கவனத்திற்குரியது. அது பேசப்பட்டு இரண்டு மாதங்கள் நிறைவுறுமுன், 2015 ஏப்ரல் 7 அன்று, சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையினர் சுட்டதில் 20 தமிழகத் தொழிலாளர் மடிந்தனர். செம்மரம் வெட்ட வந்தோர் தாக்கியதால் சுட்டோம் என்றனர் காவலர். திட்டமிட்ட கொலை என்றனர் மனித உரிமை அமைப்பினர். இறந்தோருள் ஜவ்வாது மலையினரும் இருந்தனர். இதற்கு மத்திய அரசைப் பொறுப்பாக்குவது நேர்மையன்று. எனினும், பிழைப்புத் தேடிக் காடு கடந்தவனுக்கு உயிரே உறுதியில்லாதபோது, வழிபாட்டுச் சுதந்திரம் என்ற சொல் மட்டும் எவ்வளவு தூரம் துணைவரும்?

இவ்வினாவைத் தம் வாழ்வாகக் கொண்டவர் மற்றொரு தமிழக இயேசு சபைக் குரு, திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த ஸ்டேன் சுவாமி. ஜார்க்கண்டுப் பழங்குடியினரின் நிலத்திற்காகவும் சிறைப்பட்ட அவர்தம் இளைஞருக்காகவும் குரல் கொடுத்த அவரை, 2020 அக்டோபர் 8 அன்று தேசியப் புலனாய்வு முகமை பீமா கோரேகாவ் வழக்கில் கைது செய்தது. குற்றச்சாட்டை அவர் மறுத்தார். நடுக்குவாத நோயால் குவளையைப் பிடிக்க இயலாத அம்முதியவர், நீர் அருந்த ஓர் உறிஞ்சுகுழல் வேண்டி நீதிமன்றத்தை அணுக நேர்ந்தது. பிணை கிட்டாமலே, 2021 ஜூலை 5 அன்று, 84ஆம் வயதில் இறந்தார். ஒரே ஆட்சியில், ஒரே சபையின் இரு தமிழ்க் குருக்கள்: ஒருவர் மீட்கப்பட்டார், மற்றவர் விசாரணைக் கைதியாகவே மறைந்தார். ஒன்றை மட்டும் நினைந்து புகழ்வதும், மற்றதை மட்டும் நினைந்து இகழ்வதும் அரைகுறை வாசிப்பே.

முழுமையான வாசிப்பிற்கு விவிலியம் நமக்கு வழிகாட்டுகிறது. ஆட்சியாளரிடம் அடைக்கலம் தேடுவோரைத் திருப்பாடல் எச்சரிக்கிறது. எசாயா நூலோ, ஆண்டவரை அறியாத பாரசீக மன்னர் சைரசை அவருடைய அருள்பொழிவு பெற்றவராகக் காண்கிறது. முரணன்று இது. சைரசு யூதரின் தொழுகைக்கூடத்திற்கு வருகை தந்ததாகப் பெருமை பேசப்படவில்லை. நாடுகடத்தப்பட்டோர் தம் வீடு திரும்ப வழிவிட்டார் என்பதே அவர் பெருமை.

பிரதமர் மோடி 2023 உயிர்ப்புப் பெருவிழாவன்று தில்லித் திரு இருதயப் பேராலயத்திற்கு வந்தார். 2024 டிசம்பர் 23 அன்று ஆயர் பேரவை நடத்திய கிறிஸ்து பிறப்பு விழாவிலும் பங்கேற்றார். அம்மரியாதையை மகிழ்வுடன் ஏற்போம். ஆயின் 2023 மே 3 அன்று மணிப்பூரில் மூண்ட இனக்கலவரம் 60,000க்கும் மேற்பட்டோரை வீடிழக்கச் செய்தது. கூக்கிகளின் ஆலயங்களும் எரிந்தன. மெய்தெய் மக்களின் ஆலயங்களும் கோவில்களும் எரிந்தன. பிரதமர் அங்கே சென்று இடம்பெயர்ந்தோரைச் சந்தித்தது 2025 செப்டம்பர் 13 அன்றுதான். அப்போதும் பல்லாயிரவர் முகாம்களில் இருந்தனர். சைரசின் அளவுகோலை நாம் வைத்துப் பார்க்க வேண்டிய இடம் அம்முகாம்களே.

ஆகவே, வாசகப் பெருமக்களே, தலைவர் நம் ஆலயப்படி ஏறினாரா என்பதை நம் நம்பிக்கையின் அளவாகக் கொள்ளவேண்டாம். ஏறவில்லை என்பதை நம் ஐயத்தின் அளவாகவும் கொள்ளவேண்டாம். ஜவ்வாது மலையின் மலையாளி, அவர் நம் சமயத்தவராயினும் அல்லராயினும், தம் நிலத்தில் அஞ்சாமல் உழவும், தம் மகளைத் தாம் விரும்பிய பள்ளிக்கு அனுப்பவும், தம் மனம் கண்ட இறைவனை வணங்கவும் முடிகிறதா என்று கேட்போம். அவ்வினாவுக்கு ‘ஆம்’ என விடை வரும் நாளில்தான் 2015இன் அந்த உரை நிறைவுபெறும். அதுவரை அவ்வாக்கை மறவாமல் வைத்திருந்து, ஆள்வோருக்குப் பணிவுடனும் அச்சமின்றியும் நினைவூட்டுவது நம் கடமை.