நீல மூடிக் குழாய்

இதயத்தில் உலோக வால்வு பொருத்தியவர் அருகே, சந்தடியில்லாத அறையில் உட்கார்ந்தால் மெல்லிய 'டிக் டிக்' கேட்கும். அந்த வால்வில் ரத்தம் உறைந்து ஒட்டிவிடாதிருக்க வார்ஃபரின் மாத்திரை. 2, 7, 9, 10 ஆகிய உறைதல் காரணிகளை அது அடக்கி வைக்கிறது. அடக்கம் அளவு மீறினால் பல் துலக்கும்போதே ஈறு கசியும். அதனால்தான் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனை அடிக்கடி. அதற்கு ரத்தம் எடுக்கும் கைகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கண்ணைவிட விரல் நுனியை நம்பும் கைகள் அவை. முழங்கை மடிப்பைத் தடவி, லேசாக அழுத்தி, ஊசியை இறக்குவார்கள். நீல மூடிக் குழாயில் ரத்தம் சரியாகக் கோடு வரை வந்து நிற்க வேண்டும். உறையவிடாமல் தடுக்கும் சிட்ரேட் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு ரத்தம். பிறகு குலுக்குவதில்லை. தூங்கும் குழந்தையைத் தோள் மாற்றுவதுபோலக் கவிழ்த்து நிமிர்த்துவார்கள், மூன்று நான்கு தடவை.

அடுத்த அழகு லேபில். சுழற்றிப் பிரித்த பிளாஸ்மா வைக்கோல் நிறத்தில் தெளிந்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் குழாயை வைத்து, உறைதலைத் தூண்டும் கால்சியம் கலந்த வினைபொருளைச் சேர்த்ததும் ஸ்டாப்வாட்ச் ஓடத் தொடங்கும். சரிக்கச் சரிக்கத் தளும்பிய திரவத்தில் சட்டென்று ஃபைப்ரின் இழை ஓடும். மறு சரிப்பில் அது அசையாத ஜெல்லி. இயந்திரங்கள் வந்த பின்னும் சில சிறிய லேப்களில் இதைக் கையால்தான் பார்க்கிறார்கள். அந்தச் சில விநாடிகளில் பேச்சுக் கொடுத்தால் பதில் வராது.