வாவிக்கரையில் லினக்ஸ் விளையாட்டு

லினக்ஸில் விளையாடுவதற்கான கணினியில் முதலில் பார்க்க வேண்டியது கிராபிக்ஸ் சிப். இன்டெல், ஏஎம்டி இரண்டுக்கும் திறந்தமூல டிரைவர்கள் லினக்ஸ் கேர்னலோடும் மேசா கிராபிக்ஸ் நூலகத்தோடும் வந்துவிடுகின்றன. என்விடியாவுக்குப் பெரும்பாலும் அந்நிறுவனத்தின் டிரைவரைத் தனியே நிறுவ வேண்டும். பழைய கார்டு என்றால் கேர்னல் மாறும்போது அந்த டிரைவர் முரண்டு பிடிக்கும். கைமாறிய கணினி வாங்குபவருக்கு முதலிரண்டே நிம்மதி.

மட்டக்களப்பில் உப்புக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் கல்லடி போன்ற இடங்களில் செம்பில் களிம்பு சீக்கிரம் ஏறி இணைப்பைக் கெடுக்கும். பழைய மடிக்கணினியின் திரை கறுப்பாகவே நின்றால் உடனே ஒதுக்கிவிடக் கூடாது. பற்றரியைக் கழற்றி, ரம் நினைவகத்தை வெளியே எடுத்து, அதன் பொன்னிறப் பட்டைகளை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, இரு கொளுவியும் 'டக்' என்று பிடிக்கும்வரை அழுத்த வேண்டும். பல கணினிகள் இதிலேயே உயிர் பெறும். அந்த 'டக்' சத்தம் அவ்வளவு இனிமையானது! 2022இல் இலங்கையில் மின்வெட்டு 13 மணிநேரம் வரை நீண்டபோது மடிக்கணினியின் அருமையும் தெரிந்தது.

கணினி தயாரானால் அடுத்தது விளையாட்டு. வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட புரோட்டான், 1993இல் தொடங்கிய வைன் திட்டத்தின்மீது எழுந்தது. விண்டோஸ் விளையாட்டுகளின் டைரக்ட்எக்ஸ் அழைப்புகளைப் புரோட்டான், வல்கன் என்ற கிராபிக்ஸ் இடைமுகத்துக்கு மாற்றுகிறது. வல்கன் ஓடாத பழைய சிப்புக்கு 'வெஸ்நோத்' போதும். நல்ல போர்த்தந்திர விளையாட்டு. 'சூப்பர்டக்ஸ்கார்ட்' என்ற பந்தய விளையாட்டு 2019இன் 1.0 பதிப்பிலிருந்து வலைப்பின்னலிலும் ஓடுகிறது. வீட்டு ரவுட்டர் ஒன்றிருந்தால் இணையமே இல்லாமல் இருவர் பந்தயம் விடலாம். ஆனால் 'வலரண்ட்' விளையாட்டு அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளால் லினக்ஸில் ஓடாது.