நட்சத்திரமும் நிற்கும் பெண்ணும்: 'அங்காடித் தெரு'வை முன்வைத்து

சென்னை தியாகராய நகரில், மாம்பலம் இரயில் நிலையத்தை ஒட்டிக் கிடக்கும் ரங்கநாதன் தெரு அகலத்தில் குறுகியது, வாணிபத்தில் பெரியது. மயிலாப்பூரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் மட்டுமின்றித் தென்மாவட்டங்களிலிருந்தும் மக்கள் கல்யாணத் துணி எடுக்க இங்கு வந்து குவிகின்றனர். நிக்காஹ் நிச்சயமானதும் நம் குடும்பங்களும் இத்திசை நோக்கியே புறப்படுகின்றன. இத்தெருவின் ஜவுளிக்கடை ஊழியர்களைக் கதைமாந்தராக்கி, வசந்தபாலன் இயக்கத்தில் ஜெயமோகனின் உரையாடலுடன் 2010 மார்ச்சில் வெளிவந்தது 'அங்காடித் தெரு'. காலம் சென்ற பின்னும் மறுபார்வைக்குத் தகுதியுடைய தமிழ்ப்படங்களுள் அது ஒன்று.

வறுமையால் ஊரை விட்டு வந்த லிங்கு, கனி ஆகிய இருவரின் காதலே கதை. எனினும் படத்தின் உண்மையான வலிமை, அக்காதலைச் சூழ்ந்திருக்கும் அன்றாட வாழ்வில்தான் உள்ளது. நெருக்கியடித்துத் தூங்கும் விடுதி, அவசரமாக விழுங்கும் சோறு, மேற்பார்வையாளனின் அடி, பெண்கள் வாய்திறவாமல் சகிக்கும் அத்துமீறல் ஆகிய அனைத்தையும் அது மறைக்காமல் காட்டுகிறது. காதல் அம்பலப்பட்டதும் வேலைக்கு அஞ்சிய ஆண் அதனை மறுத்துவிடுகிறான். அவனை நம்பியிருந்த பெண் உயிரை மாய்த்துக் கொள்கிறாள். ஒரே குற்றச்சாட்டுக்கு ஆண் கொடுக்கும் விலை வேறு, பெண் கொடுக்கும் விலை வேறு என்பதை இதைவிடச் சுருக்கமாகக் கூறிவிட முடியாது.

இப்படத்தில் நடிகை சினேகா, சினேகாவாகவே தோன்றுகிறார். கடையின் விளம்பரத்தில் நடிக்க வருகிறார். ஒரே கூரையின் கீழ் இருவகைப் பெண்கள் நிற்கின்றனர். ஒருத்தி சில மணி நேரம் நின்று முகத்தை விற்கிறாள். மற்றவள் நாள் முழுதும் நின்று துணியை விற்கிறாள். இருவரிடமும் கோரப்படுவது ஒன்றே: களைப்பைக் காட்டாத புன்னகை. பிற்காலத்தில் தியாகராய நகரின் ஜவுளிக்கடை உரிமையாளர் ஒருவர் முன்னணி நடிகைகளுடன் தம் கடை விளம்பரங்களில் தாமே தோன்றி, 2022இல் 'தி லெஜண்ட்' படத்தின் நாயகனும் ஆனார். முதலாளி நட்சத்திரமாகலாம், நடிகை கடையின் முகமாகலாம். துணியை விரித்துக் காட்டும் கைக்கு மட்டும் பெயரில்லை.

நடிகரை நாம் 'நட்சத்திரம்' என்பது போலவே இன்றைய அரபியரும் 'நஜ்ம்' என்கின்றனர். பாலைவனப் பயணிக்கு 'நஜ்ம்' வழிகாட்டியது. கடைவீதியில் அது நம் கண்ணைக் கூசச் செய்து, அருகில் நிற்பவரை மறைத்துவிடுகிறது.

படத்தின் மீது நாம் வைக்கும் குறை இங்கிருந்தே தொடங்குகிறது. வேலையிழந்து நடைபாதையில் உறங்கும் இரவில் லாரி ஏறிக் கனி கால்களை இழக்கிறாள். லிங்கு அவளை ஏற்றுக் கொள்கிறான். அரங்கம் கண்ணீர் விடுகிறது. ஆனால் அந்தக் கால்கள் லாரி வருவதற்கு முன்பே நாள்தோறும் தேய்ந்து வந்தவை. இடைவிடாது நிற்போருக்குக் கால் நரம்பு புடைத்துச் சுருள்வதும் முதுகு நோவதும் யாவரும் அறிந்ததே. விபத்தை உச்சமாக்கியதால், கடையின் ஏற்பாட்டில் இருந்த கொடுமை விதியின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. பெண்ணின் துயரம் ஆணின் பெருந்தன்மைக்குச் சான்றாகி முடிகிறது. கனியாக நடித்த அஞ்சலிக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது, அவர் தகுதியானவரே. விற்பனைப் பெண்ணோ காதலும் பேரிடரும் வாய்த்து நாயகியானால்தான் நம் இரக்கத்துக்கு உரியவளாகிறாள்.

திரை கேட்கத் தவறிய எளிய கேள்வியைக் கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் பெண்களே கேட்டனர். தையல் தொழிலாளியான விஜி உருவாக்கிய 'பெண்கூட்டு' அமைப்பு, முதலில் கழிப்பறைக்கும் பின்னர் உட்காரும் உரிமைக்கும் போராடியது. 2018இல் கேரளம் சட்டம் திருத்தியது. தமிழ்நாடும் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-அ பிரிவைச் சேர்த்து, பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி கட்டாயம் என்றது. ஒரு நாற்காலிக்காகச் சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது என்பதில் பெருமையும் உண்டு, வெட்கமும் உண்டு.

சட்டம் இருக்கையைத் தரலாம். அதில் உட்காரும் துணிவை வாங்குவோரின் பார்வையே தர வேண்டும். உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் கண்டால் 'மரியாதை இல்லை' என முகம் சுளிப்பவர் முதலாளி மட்டுமல்லர். கூலியைத் தாமதிக்கலாகாது என்ற நபிமொழியை மேடைதோறும் எடுத்துரைக்கும் நாம், ஐம்பது புடவைகளை விரிக்கச் செய்துவிட்டு ஒரு சொல்லும் கூறாது எழுந்து வருவதில்லையா? சினிமா மோகத்தைக் கண்டிக்கும் நம் இல்லங்களும், விளம்பரத்தில் நடிகை உடுத்திய புடவை எது என்றே கடையில் விசாரிக்கின்றன. 'அங்காடித் தெரு' தன் குறைகளோடும் செய்த நற்பணி, துணியை விட்டு அதனை ஏந்தி நிற்பவளின் முகத்தை நோக்கி ஒருகணம் நம் கண்ணைத் திருப்பியது. அங்கிருந்து அவளுடைய கால்களுக்கு நம் பார்வை இறங்க வேண்டும்.